இரட்டை வட்டுகளும் முதல் செக்டரும்: சர்வரின் துவக்கத்தைக் காக்க முயன்ற வரலாறு

ஒரு சர்வரில் எழுதப்படும் தரவு ஒவ்வொன்றையும் இரண்டு வட்டுகளில் ஒருசேர எழுதி, அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் மற்றதைக் கொண்டு பணியைத் தடையின்றித் தொடரும் ஏற்பாட்டை மிரரிங் என்பர். கருத்தளவில் இதைவிட எளிய பாதுகாப்பு முறை கணினித் துறையில் அரிது. ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஒரு வட்டை இழந்தும் நிற்காமல் ஓடுவது வேறு, அணைந்துபோன சர்வர் ஒரே வட்டுடன் மீண்டும் எழுவது வேறு. இரு வட்டுகளையும் ஒன்றாகக் காணும் திறன் இயங்குதளத்துக்குள் இருக்கும் ஒரு மென்பொருளுக்கே உரியது. அந்த மென்பொருளோ அதே வட்டுகளில்தான் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதைப் போன்ற இந்த அமைப்பில், மின்சாரம் வந்தவுடன் வட்டை முதன்முதலாகப் படிக்கும் சிறு நிரலுக்கு, தான் படிப்பது ஓர் இணையின் ஒரு பாதி என்பதே தெரியாது.

தரவை இரட்டிப்பதற்கான வழிகள் 1980களின் முடிவுக்குள் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டன. துவக்கப் பகுதியை, அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலையும் அதை நினைவகத்தில் ஏற்றும் பூட் லோடரையும் தாங்கிய வட்டுப் பகுதியை, இரட்டிப்பதற்கு இன்றுவரை அனைவரும் ஏற்ற ஒரே வழி உருவாகவில்லை. ஒவ்வொரு தலைமுறைக் கணினியிலும் இந்த எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர மறையவில்லை என்பதும், அக்கோட்டின் வெளிப்புறத்தில் இருப்பதை மிரரின் பகுதியாகக் காட்ட முயன்ற தீர்வுகளைவிட, அதைத் தனித்தனிப் பிரதிகளாக ஒப்புக்கொண்ட தீர்வுகளே நிலைத்தன என்பதும் இவ்வரலாற்றைப் பின்தொடர்வோருக்குப் புலப்படும்.

காந்த வட்டு வணிகப் பொருளாக வந்தது 1956-இல். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் உருவாக்கிய ராமாக், 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகளில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. அடுத்த இருபதாண்டுகளில் வங்கிகளும் விமான நிறுவனங்களும் தங்கள் கணக்குகளை வட்டுகளுக்கு மாற்றின. வட்டு கெட்டால் காந்த நாடாவிலிருந்து மீட்டெடுக்கும் பழைய வழக்கம், நாள் முழுவதும் பரிவர்த்தனை நடக்கும் தொழில்களுக்குப் போதவில்லை. இத்தேவையை முன்வைத்தே ஜேம்ஸ் டிரேபிக் 1974-இல் டேண்டம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1976-இல் சிட்டி வங்கிக்கு முதலாவதாக அனுப்பப்பட்ட அதன் நான்ஸ்டாப் கணினியில் செயலி, மின்வழங்கி, வட்டுக் கட்டுப்படுத்தி ஆகிய அனைத்தும் இரட்டையாக இருந்தன. வட்டுகளையும் மிரர் இணைகளாக அமைக்க முடிந்தது. நிற்கவே கூடாது என்ற நோக்கத்தில் பிறந்த அக்கணினியின் பெயரே அதன் கொள்கையையும் அறிவித்தது. நிற்காத கணினியில், மீண்டும் எழுவது எப்படி என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போனது இயல்பே.

1988 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் அளித்த கட்டுரை ரெய்ட் என்ற சொல்லைத் துறைக்குத் தந்தது. பெரிய, விலையுயர்ந்த ஒற்றை வட்டுக்குப் பதிலாகத் தனிக்கணினிகளுக்கென உருவான மலிவான சிறு வட்டுகளை அணியாகச் சேர்த்தால் வேகமும் கொள்ளளவும் பெருகும் என்பது அவர்கள் வாதம். அதற்கு எதிரான தடையையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். சராசரியாக 30,000 மணி நேரத்துக்கு ஒருமுறை கெடும் வட்டுகளில் 100-ஐ ஒன்றாக இணைத்தால், அந்த அணியில் 300 மணி நேரத்துக்கு, அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு, ஒரு வட்டு வீதம் கெடும். ஆகவே மிகைப் பிரதி இல்லாமல் அணி இல்லை என்று கூறி ஐந்து நிலைகளை வகுத்த அவர்கள், மிரரிங்கை முதல் நிலையில் வைத்து, அது ஏற்கெனவே வழக்கில் இருக்கும் மரபான முறை என்றும், ஐந்தில் அதிகச் செலவு பிடிப்பது என்றும் மதிப்பிட்டனர். அதே ஆண்டில் டினா பிட்டனும் டேண்டத்தைச் சேர்ந்த ஜிம் கிரேயும், இரு பிரதிகளில் எதன் படிமுனை தேவையான இடத்துக்கு அருகில் இருக்கிறதோ அதிலிருந்து படிப்பதால் மிரர் வட்டுகள் படிக்கும் வேகத்தையும் கூட்டுகின்றன என்று காட்டினர். இவ்விரு ஆய்வுகளும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பற்றியவை. அணியை நடத்தும் மென்பொருள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. எவ்வளவு ஆழமான ஆய்வும் தன் எடுகோளுக்கு வெளியே இருப்பதைத் தொடுவதில்லை. துவக்கம் அந்த வெளியில் நின்றது.

அந்த வெளி எப்படி அமைந்திருந்தது என்பதை ஐபிஎம் தனிக்கணினியின் துவக்க முறையிலிருந்து அறியலாம். பிற்காலச் சர்வர்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. 1983-இல் 10 மெகாபைட் வட்டுடன் வெளிவந்த எக்ஸ்டி கணினியில், பயாஸ் எனப்படும், சிப்பில் பதிக்கப்பட்ட அடிப்படை நிரல், முதல் வட்டின் முதல் செக்டரை மட்டும் நினைவகத்துக்கு எடுத்து, அதனிடம் ஆட்சியை ஒப்படைத்தது. 512 பைட் கொண்ட அந்தச் செக்டரில் நிரலுக்கு 446 பைட்டும், வட்டு எந்தெந்தப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு 64 பைட்டும், இறுதியில் செக்டர் செல்லத்தக்கது என்பதைக் காட்டும் முத்திரைக்கு 2 பைட்டும் ஒதுக்கப்பட்டன. இந்தச் செக்டர் எந்தப் பார்ட்டிஷனுக்கும் உட்பட்டதன்று. ஆகவே பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் இரட்டிக்கும் எந்த மிரர் மென்பொருளும் இதைத் தொடாது. இரண்டாம் வட்டில் கோப்புகள் அனைத்தும் எழுத்துப் பிசகாமல் இருந்தும், இந்த அரைக் கிலோபைட் வெறுமையாக இருந்தால் அவ்வட்டிலிருந்து கணினி எழாது.

இந்தப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்த முதல் சர்வர்களுள் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் ஒன்று. 1980களின் அலுவலக வலையமைப்புகளில் கோப்புச் சர்வராகப் பெரிதும் பரவியிருந்த அது, வட்டு இணைகளை மிரர் செய்வதோடு, ஒவ்வொரு வட்டுக்கும் தனிக் கட்டுப்படுத்தியை அமைக்கும் டூப்ளெக்ஸிங் என்ற முறையையும் வழங்கியது. ஆனால் 1989-இல் வந்த நெட்வேர் 386, தானே நேரடியாக எழுவதில்லை. வட்டின் தொடக்கத்தில் இருந்த சிறு டாஸ் பார்ட்டிஷனிலிருந்து முதலில் டாஸ் என்ற எளிய இயங்குதளம் எழும், பிறகு அது நெட்வேரின் சர்வர் நிரலை இயக்கும். மிரரிங் நெட்வேரின் பார்ட்டிஷனுக்கு மட்டுமே உரியது. டாஸ் பார்ட்டிஷன் அதன் ஆளுகைக்கு வெளியே இருந்தது. விவரமறிந்த நிர்வாகிகள் இரண்டாம் வட்டிலும் ஒரு டாஸ் பார்ட்டிஷனை அமைத்து, கோப்புகளைக் கையால் பிரதியெடுத்து, டிரைவர் நிரல்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அங்கும் புதுப்பித்தனர். மற்றவர்கள் ஒரு துவக்க ஃபிளாப்பியை வைத்துக்கொண்டனர். ஃபேட் எனப்படும் எளிய கோப்பு முறைமை கொண்ட, மிரருக்கு உட்படாத, கையால் ஒத்திசைக்க வேண்டிய ஒரு சிறு பார்ட்டிஷன் என்ற இந்த ஏற்பாடு, இருபதாண்டுகளுக்குப் பின் வேறு பெயரில் எல்லாச் சர்வர்களிலும் திரும்பி வரவிருந்தது என்பதால் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 1993-இல் வெளியிட்ட விண்டோஸ் என்டி அட்வான்ஸ்டு சர்வர், இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனையே மிரர் செய்ய இடமளித்தது. எனினும் துவக்கக் கோப்பொன்றில், எந்தக் கட்டுப்படுத்தியின் எத்தனையாவது வட்டின் எந்தப் பார்ட்டிஷனிலிருந்து எழ வேண்டும் என்பது எண்களாக எழுதப்பட்டிருந்தது. முதல் வட்டு கெட்டால் அந்த எண்கள் பொய்யாகிவிடும். ஆகவே இரண்டாம் வட்டைச் சுட்டும் வகையில் திருத்திய கோப்புடன் ஒரு ஃபிளாப்பியை முன்கூட்டியே தயாரித்துப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்பதே அக்காலத்து வழிகாட்டல். லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள சர்வரின் மீட்பு ஒரு மலிவான ஃபிளாப்பியின் காந்தப் பூச்சைச் சார்ந்திருந்தது.

யுனிக்ஸ் சர்வர்களில் நிலைமை சற்று மேம்பட்டிருந்தது. அவற்றைச் செய்த நிறுவனங்கள் வன்பொருளையும், பயாஸைப் போல் சிப்பில் பதிக்கப்படும் ஃபர்ம்வேரையும், இயங்குதளத்தையும் தாங்களே வடிவமைத்தன. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் துவக்கப் படிமத்துக்கெனத் தனி லாஜிக்கல் வால்யூம் ஒன்று இருந்தது. அதை இரண்டாம் வட்டிலும் உருவாக்கி, அதில் துவக்கப் பதிவை எழுதி, எந்தெந்த வட்டுகளை எந்த வரிசையில் முயல வேண்டும் என்ற பட்டியலை அழியா நினைவகத்தில் பதிவது மிரர் செய்யும் நடைமுறையின் பிரிக்க முடியாத படிகளாக இருந்தன. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளில் இருந்த ஓபன்பூட் ஃபர்ம்வேரும் அவ்வாறே ஒன்றுக்கு மேற்பட்ட துவக்கச் சாதனங்களை வரிசையாக ஏற்றது. அதன்மேல் டிஸ்க்சூட் என்ற மென்பொருள் வட்டுகளை இணைத்தது. நிர்வாகி அதற்கு வெளியே சென்று இரண்டாம் வட்டிலும் பூட் பிளாக்கை நிறுவி, அவ்வட்டுக்கு ஃபர்ம்வேரில் ஒரு மாற்றுப்பெயர் கொடுத்து வைப்பது வழக்கமாயிற்று.

இவ்வளவும் செய்த பின்னரும் சன் சர்வர்கள் ஒரு வட்டு கெட்ட நிலையில் எழ மறுத்ததுண்டு. அதன் காரணம் இவ்வரலாற்றிலேயே ஆழமானது. எந்த வட்டு எந்த இணையில் இருக்கிறது, எது பழுதானது, எது அண்மைக்காலத்தது என்ற நிலைமையை டிஸ்க்சூட் ஒரு சிறு தரவுத்தளத்தில் வைத்து, அதன் பிரதிகளை வட்டுகளில் பரப்பியது. அப்பிரதிகளுள் பாதி எஞ்சியிருக்கும்வரை ஓடும் கணினி தொடர்ந்து ஓடலாம். ஆனால் புதிதாக எழும் கணினிக்குப் பாதிக்கும் மேல் ஒன்றேனும் தேவை. இரண்டு வட்டுகள் மட்டுமே உள்ள சர்வரில் பிரதிகளைச் சமமாகப் பிரித்து வைத்திருந்தால், ஒரு வட்டு போனபின் எஞ்சுவது சரியாகப் பாதி. அதனால் பகலில் வட்டு கெட்டபோது எதுவும் நடவாததுபோல் ஓடிய சர்வர், இரவில் மின்தடைக்குப் பின் எழும்போது போதிய பிரதிகள் இல்லை என்று கூறி, பராமரிப்புக்கான ஒற்றைப் பயனர் நிலையில் நின்றுவிடும். நிர்வாகி கன்சோல் முன் அமர்ந்து, போன வட்டின் பிரதிகளைக் கணக்கிலிருந்து நீக்கியபின்தான் அது முழுமையாக எழும். கெட்ட வட்டில் கூடுதல் பிரதிகளை வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இது வடிவமைப்பின் பிழை அன்று. ஓடும் கணினிக்கு நேற்று நடந்தது நினைவிருக்கிறது. எந்த வட்டு எப்போது விலகியது என்பதை அது கண்ணெதிரே பார்த்திருக்கிறது. எழும் கணினிக்கு அத்தகைய நினைவு எதுவும் இல்லை. அது காண்பது ஒரு வட்டை மட்டுமே. அது பழுதின்றி எஞ்சிய வட்டா, அல்லது மூன்று மாதங்களுக்கு முன் இணைப்புக் கம்பி தளர்ந்து விலகிப்போய், இன்று தற்செயலாக மீண்டும் ஒளிர்ந்த பழைய வட்டா என்று தனியாக நின்று தீர்மானிக்க வழியில்லை. பழைய வட்டிலிருந்து எழுந்துவிட்டால், மூன்று மாதக் கணக்குகள் இல்லாத சர்வர் ஒன்று புதிய பரிவர்த்தனைகளை ஏற்கத் தொடங்கும். எழாமல் நிற்பதைவிடக் கொடிய விளைவு அது. எச்பி நிறுவனத்தின் யுனிக்ஸான எச்பி-யூஎக்ஸிலும் இதே பெரும்பான்மை விதி இருந்தது. அதை வேண்டுமென்றே மீறி எழச் செய்யும் கட்டளையை நிர்வாகிகள் அறிந்து வைத்திருந்தனர். ஏஐஎக்ஸில் மிரர் செய்யப்பட்ட மூல வால்யூம் தொகுதிக்கு அந்த விதியையே அணைத்துவிடுவது வழக்கம். சன் நிறுவனமும் இரண்டு வட்டுச் சர்வர்களுக்கென ஒரு விதிவிலக்கு அமைப்பைப் பிற்காலத்தில் தந்தது. எழுவதையும் உண்மையான தரவோடு எழுவதையும் ஒருசேர உறுதிசெய்ய இரண்டு வட்டுகள் மட்டும் போதாது என்ற கணித உண்மையோடு செய்துகொண்ட சமரசங்கள் இவை.

லினக்ஸ் இந்தச் சிக்கலுக்குள் வந்தது வேறு வாசல் வழியாக. 1992-இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற பூட் லோடருக்குக் கோப்பு முறைமை பற்றிய அறிவு கிடையாது; கர்னல் வட்டின் எந்தெந்தச் செக்டர்களில் கிடக்கிறது என்ற முகவரிப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, பயாஸின் உதவியால் அவற்றைப் படித்து ஏற்றும். பயாஸ் அக்காலத்தில் வட்டின் முதல் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் பார்க்க இயலாததாக இருந்தது. சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட்டுகளே ஒதுக்கப்பட்டதால் வந்த இவ்வரம்பு, பொதுவான ஐடிஇ வட்டுகளில் 504 மெகாபைட்டாகவும், முகவரி மாற்றும் உத்தி வந்தபின் ஏறத்தாழ 8.4 கிகாபைட்டாகவும் நின்றது. கர்னல் அவ்வரம்புக்குள் இருப்பதை உறுதிசெய்யவே, வட்டின் தொடக்கத்தில் பூட் என்ற சிறு பார்ட்டிஷனைத் தனியே ஒதுக்கும் வழக்கம் பரவியது. வரம்பு மறைந்த பின்னும் அப்பார்ட்டிஷன் நீடித்ததற்கு, மிரரிங்கும் ஒரு காரணம்: மற்றப் பகுதிகள் எவ்வளவு சிக்கலான அணியில் இருந்தாலும், பூட் லோடர் படிக்கக்கூடிய எளிய பகுதி ஒன்று தேவைப்பட்டது.

லினக்ஸ் கர்னலில் பல வட்டுகளை ஒன்றாக்கும் எம்டி என்ற டிரைவர் 1996-இன் 2.0 பதிப்பில் இடம்பெற்றது. இங்கோ மோல்னார் முதலியோர் வளர்த்த மிரர் வசதி 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் உறுதிபெற்றது. அவ்வாண்டிலேயே நீல் பிரவுன் எழுதத் தொடங்கிய எம்டிஆடம் என்ற நிர்வாகக் கருவி இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒரு பார்ட்டிஷன் எந்த அணியைச் சேர்ந்தது என்ற குறிப்பைத் தாங்கும் சூப்பர்பிளாக், 0.90 என்ற தொடக்ககால வடிவில் பார்ட்டிஷனின் கடைசியில் எழுதப்பட்டது. இந்த ஒரு முடிவின் பயன் மிகப் பெரிது. குறிப்பு கடைசியில் இருப்பதால், முதலிலிருந்து படிக்கும் எவருக்கும் மிரரின் ஒவ்வொரு பாதியும் சாதாரணத் தனிப் பார்ட்டிஷனாகவே தோன்றும். ரெய்ட் பற்றி ஒன்றும் அறியாத பூட் லோடரும் அப்பாதியைத் திறந்து கர்னலை எடுத்துவிடும். வேறு நிலை ரெய்டுகளில் இது நடவாது. கோப்பு துண்டுகளாகப் பல வட்டுகளில் சிதறியிருக்கும். சர்வரின் தரவு ஐந்தாம் நிலை ரெய்டில் இருந்தாலும் பூட் பார்ட்டிஷனை மட்டும் முதல் நிலையில் வைக்கும் வழக்கம் இதிலிருந்து பிறந்தது.

எனினும் முதல் செக்டரின் பிரச்சினை அப்படியே இருந்தது. 1995-இல் எரிக் போலின் தொடங்கி, 1999 முதல் க்னு திட்டத்தின் பகுதியாக வளர்ந்த கிரப் என்ற பூட் லோடர், லிலோவைப் போலன்றிக் கோப்பு முறைமைகளைத் தானே படிக்கவல்லது. ஆனால் வட்டுகளைப் பயாஸ் எண்ணும் வரிசையிலேயே அதுவும் எண்ணியது. முதல் வட்டு கெட்டு அகற்றப்பட்டால், பயாஸின் பார்வையில் இரண்டாம் வட்டு முதல் வட்டாகிவிடும். அப்போது இரண்டாம் வட்டில், இரண்டாவது வட்டில் தேடு என்ற ஆணையோடு நிறுவப்பட்ட கிரப், இல்லாத வட்டைத் தேடி நிற்கும். இதற்கு நிர்வாகிகள் கண்ட உத்தி நுட்பமானது: கிரப்பை இரண்டாம் வட்டில் நிறுவுமுன், அந்த வட்டுதான் முதல் வட்டு என்று அதனிடம் அறிவித்துவிட்டு நிறுவுவது. நிறுவும் நேரத்தில் பொய்யான அக்கூற்று, அது தேவைப்படும் நேரத்தில் மெய்யாகிவிடும். லிலோவும் தன் பிற்காலப் பதிப்புகளில் மிரரின் எல்லா வட்டுகளிலும் துவக்கப் பதிவை எழுதும் விருப்பத்தேர்வைச் சேர்த்துக்கொண்டது.

2010 வாக்கில் எம்டிஆடம் தன் இயல்பு வடிவத்தை மாற்றி, சூப்பர்பிளாக்கைப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி எழுதும் 1.2 வடிவத்தை ஏற்றது. மிரரின் பாதியைத் தனிப் பார்ட்டிஷனாகத் தவறிக் கையாண்டு கெடுப்பதை இது தடுத்தது. ஆனால் பழைய கிரப் அதைப் படிக்க இயலாது. 2012-இல் 2.00 பதிப்பை எட்டிய புதிய கிரப், எம்டி அணிகளையும் லாஜிக்கல் வால்யூம்களையும் தானே புரிந்துகொண்டு இச்சிக்கலைத் தீர்த்தது. மிரரைப் பற்றிய அறிவு இவ்வாறு கர்னலுக்கு முன்னதான கட்டத்துக்கு இறங்கியது. அந்த அறிவும் படிப்பதற்கு மட்டுமே. அணியின்மேல் ஒரு சிறு குறிப்பை எழுத வேண்டி வந்தாலும் கிரப் மறுத்துவிடும், ஏனெனில் ஒரு பாதியில் மட்டும் எழுதினால் இரு பாதிகளும் வேறுபட்டுவிடும். மேலும், இத்தனை திறனும் கொண்ட கிரப்பின் நிரலே எங்கேயாவது இருந்தாக வேண்டும். அது முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலோ, ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணை உள்ள வட்டுகளில் அதற்கெனவே ஒதுக்கிய சிறு பார்ட்டிஷனிலோ கிடந்தது. இரண்டும் மிரருக்கு வெளியே.

எல்லைக்கோட்டையே வட்டுகளுக்குக் கீழே தள்ளிவிடும் வழியும் இணையாக வளர்ந்தது. ரெய்ட் அட்டைகள், பயாஸ் வட்டைக் கேட்கும் அழைப்பைத் தம் சிப்பில் உள்ள நிரலால் இடைமறித்து, இரண்டு வட்டுகளை ஒன்றாகக் காட்டின. துவக்கச் செக்டர் உட்பட அனைத்தும் தாமாகவே இரட்டித்தன. துவக்கத்தைப் பொறுத்தவரை இதுவே மிகத் தூய தீர்வு. அதன் விலை, அணியின் அமைப்பு அந்த அட்டையின் சொந்த வடிவில் எழுதப்படுவதுதான். அட்டை கெட்டால் அதே வகை அட்டையைத் தேட வேண்டியிருந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த மலிவான அட்டைகள் சிலவும் தாய்ப்பலகைச் சிப்புகளும், துவக்க நேரத்தில் மட்டும் பயாஸ் வழியாக மிரரைக் காட்டி, பின்னர் வேலை முழுவதையும் இயங்குதள டிரைவரிடம் விட்டன. லினக்ஸ் பயனர்கள் அவற்றைப் போலி ரெய்ட் என்று அழைத்தனர். எனினும் அவை தொட்ட இடம் சரியானது என்பதை மறுக்க இயலாது: மென்பொருள் மிரருக்கு எட்டாத அந்த முதல் நொடிகளையே அவை ஈடுசெய்தன.

மென்பொருள் வழியில் எஞ்சிய ஓர் இடர், முழுவதும் இறந்த வட்டைவிடப் பாதி இறந்த வட்டே ஆபத்தானது என்பது. பதிலே தராத வட்டைப் பயாஸ் கடந்து சென்றுவிடும். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, முதல் செக்டரையும் தந்துவிட்டு, அடுத்த செக்டர்களைப் படிக்க முடியாமல் திணறும் வட்டில் துவக்கம் சிக்கி நின்றுவிடும். இரண்டாம் வட்டை முயலும் முடிவை எடுக்க வேண்டியவர் அப்போது யாரும் இல்லை.

இன்னோர் இடர், பழுதுபட்ட வட்டை மாற்றும்போது நுழைகிறது. புதிய வட்டைப் பொருத்திப் பார்ட்டிஷன்களைச் சேர்த்தவுடன் அணி தன்னைத் தானே மீளக் கட்டிக்கொள்கிறது. நிலைமை அறிக்கையும் இரு பாதிகளும் நலம் என்று காட்டுகிறது. ஆனால் மிரர் மென்பொருள் தன் பார்ட்டிஷன்களை மட்டுமே கட்டியது. புதிய வட்டின் முதல் செக்டர் வெறுமையாகவே இருக்கிறது. நிர்வாகி மறவாமல் பூட் லோடரை மீண்டும் நிறுவாவிட்டால், பல மாதங்கள் கழித்துப் பழைய வட்டு கெடும் நாளில்தான் அக்குறை தெரியவரும். பழைய வட்டு கெடும் வாய்ப்பும் சிறிதன்று. 2007-இல் பியாங்கா ஷ்ரோடரும், ரெய்ட் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான கார்த் கிப்சனும் பெரிய கணினி நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து, தயாரிப்பாளர்களின் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்தைத் தாண்டக் கூடாத வட்டு மாற்றம், நடைமுறையில் 2 முதல் 4 சதவீதமாகவும், சில இடங்களில் 13 சதவீதம் வரையிலும் இருந்ததைக் கண்டனர். வட்டுப் பழுதுகள் ஒன்றையொன்று சாராமல் நிகழ்வதில்லை, காலத்தால் நெருங்கி வருகின்றன என்பதும் அவர்கள் முடிவு. ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில் ஓடிய இரு வட்டுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

பயாஸின் இடத்தைப் பிடித்த புதிய ஃபர்ம்வேர் இச்சிக்கல்களைத் தீர்த்திருக்கலாம். இன்டெல் தன் ஐட்டேனியம் செயலிக்காக உருவாக்கிய இஎஃப்ஐ, 2005-இல் அமைந்த தொழில் மன்றத்தின் பொறுப்பில் யுஇஎஃப்ஐ என்ற பொதுத் தரமாயிற்று. முதல் செக்டரில் மறைந்த நிரலுக்குப் பதிலாக, இஎஸ்பி என்ற பார்ட்டிஷனில் ஃபேட் முறைமையில் கிடக்கும் சாதாரணக் கோப்பை ஃபர்ம்வேரே படித்து இயக்குகிறது. எந்தப் பார்ட்டிஷனின் எந்தக் கோப்பு என்பது அழியா நினைவகத்தில் பதிவாகிறது. 446 பைட்டின் நெருக்கடி ஒழிந்தது. ஆயினும் மென்பொருள் ரெய்டை அறியாமலேயே இத்தரம் வகுக்கப்பட்டதால், நெட்வேர் காலத்து டாஸ் பார்ட்டிஷனின் நிலைமை ஏறத்தாழ அப்படியே திரும்பியது.

இதற்கு இரு விடைகள் எழுந்தன. முதலாவது, பழைய உத்தியின் தொடர்ச்சி: சூப்பர்பிளாக்கைக் கடைசியில் வைக்கும் 1.0 வடிவத்தில் இரண்டு இஎஸ்பிகளையும் எம்டி மிரராக்குவது. ஃபர்ம்வேர் அவற்றை இரு தனி ஃபேட் பார்ட்டிஷன்களாகக் காண்கிறது, லினக்ஸ் ஒன்றாகக் காண்கிறது. ஃபெடோரா, ரெட் ஹேட் ஆகியவற்றின் நிறுவி இதற்கு இடமளிக்கிறது. ஆனால் ஃபர்ம்வேர் இஎஸ்பியில் எழுதவும் உரிமை பெற்றது. அது, அல்லது அதன்மேல் ஓடும் வேறொரு கருவி, ஒரு பாதியில் ஒரு கோப்பை எழுதினால், எம்டிக்குத் தெரியாமலேயே இரு பாதிகளும் முரண்படும். பிறகு எந்தப் பாதியிலிருந்து படிக்கிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு விடை வரும். இரு பாதிகளுக்கும் தனித்தனித் துவக்கப் பதிவுகளை ஃபர்ம்வேரில் சேர்க்கும் கடமையும் மிரருக்கு வெளியே எஞ்சுகிறது. இம்முறை பெரும்பாலான நாட்களில் நன்கு இயங்குகிறது என்பது உண்மை. ஒரு பாதியை இன்னொருவர் எழுதமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இயங்குகிறது என்பதும் உண்மை.

இரண்டாவது விடை, மிரர் என்ற கோலத்தையே கைவிடுவது. ஒவ்வொரு வட்டிலும் தனி இஎஸ்பியை உருவாக்கி, பூட் லோடரையோ கர்னலையோ புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றிலும் எழுதச் செய்கின்றனர். விண்டோஸில் மிரர் செய்யப்பட்ட ஜிபிடி வட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் கூறிய வழி, இரண்டாம் வட்டில் இஎஸ்பியைக் கையால் அமைத்துக் கோப்புகளைப் பிரதியெடுப்பதே. உபுண்டுவின் 20.04 பதிப்பு பல இஎஸ்பிகளில் கிரப்பை நிறுவிப் பேண வகை செய்தது. மெய்நிகர்க் கணினிகளை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ், தரவுக்கு இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் மிரரைப் பயன்படுத்திக்கொண்டு, கர்னலையும் துவக்கப் படிமத்தையும் ஒவ்வொரு வட்டின் இஎஸ்பிக்கும் பிரதியெடுக்கும் தனிக் கருவியை வைத்திருக்கிறது; இசட்எஃப்எஸ்ஸின் புதிய அம்சங்களைக் கிரப் எப்போதும் பின்தங்கியே அறிந்துகொண்டதும் இதற்கு ஒரு காரணம். துவக்கக் கோப்புகள் கர்னல் மாறும்போது மட்டுமே மாறுபவை. நொடிக்கு நொடி மாறும் தரவுக்காக உருவான மிரரிங் அவற்றுக்குத் தேவையில்லை, ஒழுங்கான பிரதியே போதும் என்பதை இவ்வழி உணர்ந்திருக்கிறது. பிரதிகள் ஒன்றுக்கொன்று சாராதவை என்பதால் ஒன்றில் நேர்ந்த பிழை மற்றதற்குத் தொற்றுவதுமில்லை. மிரரில் தவறான கோப்பும் அதே விசுவாசத்துடன் இரட்டிக்கப்பட்டுவிடும்.

பெரிய சர்வர் தயாரிப்பாளர்கள் இதற்கிடையில் பழைய அட்டை வழிக்குச் சிறிய அளவில் திரும்பியிருக்கின்றனர். டெல், எச்பிஇ ஆகிய நிறுவனங்கள், இரண்டு எம்.2 வகைத் திடநிலை நினைவகங்களைத் தாங்கி, அவற்றை வன்பொருளிலேயே மிரர் செய்யும், துவக்கத்துக்கு மட்டுமான சிறு அட்டைகளை விற்கின்றன. தரவு வட்டுகள் இயங்குதளத்தின் ஆளுகையில் இருக்க, இயங்குதளம் இந்த அட்டையிலிருந்து எழுகிறது. அட்டை இல்லாத சர்வர்களில், கர்னல் புதுப்பிப்பு முடிந்தவுடன் இயங்கும் சிறு பிரதியெடுப்பு நிரலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு வட்டைக் கழற்றிவிட்டு எழச் செய்து பார்க்கும் நிர்வாகியும் அதே வேலையைச் செய்துவருகின்றனர்.